பார்வையாளர் இன்மைச் சான்று

தலைவர் ராஜமாணிக்கத்தின் இடது தோளில் தண்ணீர் பாக்கெட் வந்து விழுந்தபோது மணி ஐந்து ஐம்பது. விசாரணை அறிக்கையில் ஐந்து ஐம்பத்திரண்டு என்று இருக்கிறது. நான் அங்கே இருந்தேன். ஐம்பதுதான்.

அது அரையிறுதி. ஆரம்பாக்கத்துக்கும் பொன்னேரிக்கும். இடைவேளை பத்து நிமிடம் என்பது விதி. அந்த இடைவேளையில் வடவட்டத் தொழிற்பேட்டைக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் உரையாற்றுவார் என்பது வழக்கம். இரண்டும் மோதினால் வழக்கம் ஜெயிக்கும். அன்று அவர் ஐம்பது நிமிடம் பேசினார். பிரேசிலில் தொடங்கி, ஒழுக்கம், உடல்நலம், தேசபக்தி வழியாகத் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு அந்தச் சுவரை மறுபடி முதல் செங்கல்லிலிருந்து கட்டத் தொடங்கினார். மைதானத்தில் விளக்கு கிடையாது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வீரர்கள் கோட்டோரம் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“நைனா! பந்த உடு நைனா!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

தலைவர் அதை வாழ்த்தொலி என்று எடுத்துக்கொண்டு கையசைத்தார். அப்போதுதான் பாக்கெட் வந்தது. அது உடையக்கூட இல்லை. இருந்தாலும் அவர் தோளைத் துடைக்க நான்கு பேர் துண்டோடு ஓடினார்கள்.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அது பத்து நாளில் அறுபத்து நான்கு பக்க அறிக்கை தந்தது. முடிவு கடைசிப் பக்கத்தில் இருந்தது: ‘மைதானத்தில் நடந்த எல்லா அசம்பாவிதங்களுக்கும் பார்வையாளர்களே காரணம். கடந்த பதினோரு ஆண்டுகளில், பார்வையாளர் இல்லாத இடங்களில் தலைவர் மீது எந்தப் பொருளும் விழுந்ததில்லை.’

எனவே ஆரம்பாக்கத்துக்கும் மீஞ்சூருக்கும் நடக்கும் இறுதி ஆட்டம் பார்வையாளர் இல்லாமல் நடத்தப்படும் என்று அறிவித்தார்கள். அதற்குத் ‘தூய ஆட்டம்’ என்று பெயரும் வைத்தார்கள்.

அறிவிப்பை ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் தமீம் அன்சாரியின் டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். தமீம் பாய்க்குப் பழவேற்காடு சொந்த ஊர். கடை இங்கே என்பதால் அணியும் இதுதான். பாலை ஆற்றிக்கொண்டே அறிவிப்பை இரண்டு தடவை படித்தார்.

“ஊட்டுக்குள்ள பிரியாணி, வாசல்ல பூட்டு. ஒரு சட்டி பிரியாணிய யாருடா துன்றது உள்ள?”

“சம்மேளனம் துன்னும் பாய்,” என்றான் பெஞ்சில் இருந்தவன்.

“துன்னட்டும். வயித்தால போவும்.”

நான் டீ குடித்துவிட்டு ரயில் ஏறினேன்.

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டியில், ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில். வெளியே போகும் கழிவுநீரின் அமிலத்தன்மையைச் சோதித்துப் பதிவேட்டில் எண் எழுத வேண்டும். எண் எதுவாக இருந்தாலும் நல்ல தண்ணீருக்கு உரிய ஏழு என்று எழுதச் சொல்வார்கள். இளங்கலை வேதியியல் படித்தவன் என்பதால் அந்த எண்ணை நான் எழுதினால் மதிப்பு.

ஆரம்பாக்கம் அணியின் கோல்கீப்பர் ஸ்டீவன் என் மனைவியின் தம்பி. என் மனைவி ஸ்நேகா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. காய்ச்சல். ஆறு நாள்.

என் மாமியார் ஆரோக்கியமேரி இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே லோடு அதிகம் வரும். அதனால் அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஸ்நேகா எல்லா ஆட்டத்துக்கும் போவாள். திரும்பி வந்ததும் சமையலறைத் தரையில் தம்ளர்களை அடுக்கி, ஒரு வெங்காயத்தைப் பந்தாக வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் மறுபடி நடத்துவாள். நடுவருக்கு உப்பு ஜாடி. “பந்து இப்ப யாருகிட்ட?” என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருப்பார். தொண்ணூறு நிமிட ஆட்டம் அந்த வீட்டில் இரண்டு மணி நேரம் நடக்கும்.

அவள் போன பிறகு ஆட்டங்களுக்கு நான் போனேன். வந்து சொன்னேன். “ரெண்டு ஒண்ணு அத்தை. ஜெயிச்சிட்டாங்க.” அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

ஸ்டீவனுக்கு ஷார்ஜாவில் பைப் ஃபிட்டர் வேலை கிடைத்திருந்தது. ஞாயிறு இறுதி ஆட்டம், செவ்வாய் விமானம். மாமியார் ஒரு மாதத்துக்கு முன்பே கம்பெனியில் லீவு சொல்லிவிட்டார்.

“இந்த வாட்டி நானே வரேன் மாப்ள. நீ ஒண்ணியும் சொல்ல மாட்ற. இனிமே அவன் எப்ப ஆடுவானோ, எப்ப வருவானோ. நான் ஒரு தபா கண்ணால பாத்துடறேன்.”

சரி என்று சொல்லியிருந்தேன். அறிவிப்பு அதற்குப் பிறகு வந்தது.

சம்மேளன அலுவலகம், மூடிக்கிடக்கும் ஒரு எடைமேடையின் மாடியில் இருந்தது. செயலாளர் மணவாளன் கண்ணாடி போட்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அடியில் அவர் பல பேருக்குச் சால்வை போர்த்தும் புகைப்படங்கள். என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“பார்வையாளர்னா யாரு? சொல்லுங்க பாப்போம்.”

“ஆட்டத்தைப் பாக்குறவங்க சார்.”

“எல்லாரும் இந்தத் தப்பைத்தான் பண்றாங்க. விதி நாலு, உட்பிரிவு இ. ‘ஆட்டத்தைக் கண்டு உணர்ச்சி அடைபவர்.’ நான் பதினேழு வருசமா பாக்குறேன். ஒரு நாள் உணர்ச்சி அடைஞ்சிருப்பனா? கேட்டுப் பாருங்க. யாரு ஆடுறாங்கன்னே எனக்குத் தெரியாது. அதனாலதான் நான் நிர்வாகி.”

“என் மாமியார் ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடுவாங்க சார். கோல்கீப்பரோட அம்மா. பையன் செவ்வாய்க்கிழமை ஷார்ஜா போறான்.”

“அம்மாவா?” அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். “தம்பி, சாதாரணப் பார்வையாளர் கோல் விழுந்தாதான் கத்துவாரு. அம்மான்றவங்க பையன் விழுந்தாலே கத்துவாங்க. அம்மாக்களை உள்ள விட்டதாலதான் இந்த நாட்டுல விளையாட்டு வளரல.”

“அன்னைக்கு உள்ள யார் யார் இருப்பாங்க சார்?”

“யாருமே இருக்க மாட்டாங்க. நிர்வாகிகள் இருநூத்திப் பதினாலு பேர் மட்டும். அப்புறம் அவங்க குடும்பங்கள். அது அலுவல் சார்ந்த வருகை.”

நான் எழுந்தேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“உங்களுக்கு இப்ப வருத்தமா இருக்கா?”

“தெரியல சார்.”

“கோவம்?”

“இல்ல.”

“சஹாபுதீன்! இங்க வாங்க. இந்த முகத்தைப் பாருங்க.”

துணைச் செயலாளர் சஹாபுதீன் பக்கத்து அறையிலிருந்து வந்து, குனிந்து, பழம் வாங்குபவர் மாதிரி என் முகத்தை இரு பக்கமும் பார்த்தார். “ஒண்ணுமே இல்லியே சார் இதுல.”

“இதைத்தான நாம தேடிக்கினு இருந்தோம்!”

பிறகு விளக்கினார்கள். பார்வையாளர் இல்லை என்று சொன்னால் போதாது; அதற்குச் சான்று வேண்டும். நிர்வாகிகள் தங்களுக்குத் தாங்களே சான்று கொடுத்துக்கொள்ள முடியாது. பொதுமக்களில் ஒரு பட்டதாரி, ஆட்டம் முடியும்வரை மைதானத்தில் இருந்து, ‘பார்வையாளர் எண்ணிக்கை: பூஜ்யம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அந்தப் பட்டதாரி ஆட்டத்தைப் பார்த்துவிட்டால் அவரே பார்வையாளர் ஆகிவிடுவார். எண்ணிக்கை ஒன்று ஆகிவிடும். ஆகவே அவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பார்வையாளர்கள் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதவியின் பெயர் பார்வையாளர் இன்மைச் சான்றாளர்.

“சான்றாளரோட குடும்பமும் வரலாமா சார்?” என்று கேட்டேன். அதற்காகத்தான் அந்தப் பதவியை ஏற்க நினைத்தேன்.

“தாராளமா. மனைவியைக் கூட்டிக்கினு வாங்க. மாமியார் விதியில இல்ல.”

“மனைவி இல்ல சார். இறந்துட்டாங்க.”

மணவாளன் சஹாபுதீனைப் பார்த்தார். சஹாபுதீன் விதிப்புத்தகத்தைப் பார்த்தார்.

“ஒண்ணும் பிரச்சினை இல்ல,” என்றார் மணவாளன். “ஒதுக்கின நாற்காலியை ரத்து பண்றதுக்கு வழி கிடையாது. உங்க பக்கத்துல போட்டு வச்சிடுவோம். காலியா இருக்கும். வேற யாரையும் உட்கார வச்சிடாதீங்க.”

வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

பதவிக்குப் பயிற்சி உண்டு. ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள். சம்மேளனம் முன்னெச்சரிக்கையாக முப்பத்தோரு பட்டதாரிகளைக் கூப்பிட்டிருந்தது. எங்களை வரிசையாக உட்காரவைத்து எதிரே ஒரு பந்தை உருட்டுவார்கள். கண் பந்தோடு போனால் தோல்வி. முதல் நாளே பத்தொன்பது பேர் போய்விட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கால் ஆடியது, நீக்கினார்கள். இரண்டாம் நாள் ஒருவர் “பாஸ் குடுடா கஸ்மாலம்” என்று கத்தியபடி எழுந்து தானே வெளியே போனார். மூன்றாம் நாள் நான் மட்டும் மிஞ்சினேன்.

நான் கட்டுப்பாட்டோடு இருந்ததாக அவர்கள் நினைத்தார்கள். பந்து உருண்டது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

“இவரைப் பாருங்க!” என்று பயிற்சியாளர் என் தோளில் தட்டினார். “எதுவும் இவரைத் தொட மாட்டேங்குது. இளைஞர் சமுதாயம் பூரா இப்படி ஆயிட்டா இந்த நாடு எங்கயோ போயிடும்!”

எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பக்கத்தில் காலி நாற்காலிக்கும் ஒன்று போர்த்தினார்கள்.

வீட்டில் சொன்னபோது ஸ்டீவன் கையுறைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தான்.

“மாமா, நீ கிரவுண்டுக்குள்ள இருப்ப. ஆனா பாக்க மாட்ட?”

“ஆமா.”

“அம்மாவ பாக்க உட மாட்டாங்க?”

“ஆமா.”

“செம பேஜாரு மாமா இது.”

மாமியார் லீவை ரத்து செய்துவிடலாமா என்று மட்டும் கேட்டார்.

அவரை நிறுத்தியது தமீம் பாய்தான். மைதானத்துக்கு மூன்று பக்கமும் தொழிற்சாலைகளின் பின்சுவர். நாலாவது பக்கம் ரயில் பாதை. ஆரம்பாக்கம் பக்கமிருந்து வரும் ரயிலை, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குள் விடுவதற்கு முன், சிக்னலுக்காக வெளியே நிறுத்திவைப்பார்கள். அந்த இடத்துக்கு எல்லோரும் அவுட்டர் என்று சொல்வார்கள். அவுட்டரில் ரயில் நின்றால் ஜன்னலுக்கு நேர் கீழே மைதானம்.

“ஞாயித்துக்கெழம நாலு மணி வண்டி,” என்று தமீம் பாய் கடை வாசலில் நின்று சொன்னார். முன்னால் நூறு பேர் இருந்தார்கள். “எல்லாரும் டிக்கெட் எடுத்துக்கினு ஏறுறோம். வித்தவுட் எவனும் வரக்கூடாது, சொல்ட்டேன். மரியாதயா பயணியா போறோம். அவுட்டர்ல நின்னப்புறம் ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. சவுண்டு வந்துச்சுன்னா கண்டுபுடிச்சிடுவானுங்க.”

“அவுட்டர்ல நிக்கலன்னா இன்னா பண்றது பாய்?”

“நிக்கலன்னாவா? பதினஞ்சு வருசமா போய்க்கினு வந்துக்கினு கீறேன். என் பொண்ணு சிஃபா பொறந்த சேதி வந்தப்பகூட அங்கதான் நின்னுக்கினு இருந்தேன். உலகத்துல எத நம்பலன்னாலும் அந்த வண்டிய நம்பலாம்.” பிறகு மாமியாரைப் பார்த்தார். “அக்கா, நீங்க பரீதாகூட லேடீஸ் பொட்டியில ஏறிக்கினு ஜன்னலாண்ட குந்திக்கோங்க.” பரீதா அவர் மனைவி.

சேதி சம்மேளனத்துக்குப் போய்விட்டது. அவசரக் கூட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஓடும் எல்லா ரயில்களிலும் மேற்குப் பக்க ஜன்னல்களை மூடிவைக்கும்படி ரயில்வேக்குக் கடிதம் எழுதினார்கள். பதில் வரவில்லை. ஆகவே ரயில் பாதை ஓரமாக நீலத் தார்ப்பாய் கட்ட ஒரு துணைக்குழு அமைத்தார்கள். எவ்வளவு உயரம் வேண்டும் என்று துணைக்குழு ஆராய்ந்தது. ஐந்து உறுப்பினர்களும் மைதானத்தின் நடுவில் நின்று பார்த்தார்கள். பன்னிரண்டு அடி கட்டினால் தண்டவாளம் தெரியவில்லை. நமக்குத் தண்டவாளம் தெரியவில்லை என்றால் தண்டவாளத்துக்கும் நாம் தெரிய மாட்டோம் என்று எழுதி, ஐவரும் ஒப்பமிட்டார்கள்.

பாதை ஏழடி மேட்டின் மேல் போகிறது. ரயிலோ தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு வருவதில்லை.

ஞாயிறு மூன்றரைக்கு நான் உள்ளே போனேன். வாசலில் ‘பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகைக்குக் கீழே இருநூறு ஜோடிக்குக் குறையாமல் செருப்பு கிடந்தது. உள்ளே ஷாமியானா. நிர்வாகிகளுக்கு நெஞ்சில் பூ. அவர்களைக் கண்காணிக்கும் நிர்வாகிகளுக்குப் பெரிய பூ. மனைவிகள், மருமகன்கள், கைக்குழந்தைகள். எல்லோருக்கும் ஒரு சமோசா, ஒரு லட்டு. அந்த மைதானத்தில் அரையிறுதிக்குக்கூட அவ்வளவு பேர் உட்கார்ந்து பார்த்ததில்லை.

என் நாற்காலி எதிர்ப் பக்கக் கோட்டருகே, தார்ப்பாயைப் பார்த்தபடி இருந்தது. பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்: ‘சான்றாளரின் மனைவி.’ இருக்கையில் ஒரு சமோசாவும் ஒரு லட்டும் வைத்திருந்தார்கள்.

எனக்கு எதிரே, தார்ப்பாயை ஒட்டி, அரசப்பன் என்பவர் உட்கார்ந்தார். சான்றாளரின் முகத்தைக் கண்காணிக்கும் அலுவலர். கையில் நோட்டு. ஆட்டம் அவருக்கு என் தோளுக்கு மேலே நன்றாகத் தெரியும்.

நான்கு மணிக்குத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“பார்வையாளர்களே இல்லாத இந்த மாபெரும் கூட்டத்திலே!” கைதட்டல். “என் எதிரே காலியாக இருக்கும் அந்த இடத்தைப் பார்க்கும்போது என் நெஞ்சம் நிறைகிறது. கால்பந்து என்பது என்ன? பந்தா? காலா? இரண்டும் இல்லை. நிர்வாகம்! பந்து வெடித்தால் வேறு பந்து வாங்கலாம். கால் உடைந்தால் வேறு ஆளைப் போடலாம். தலைவர் போனால்?” நிறுத்தினார். யாரோ விசும்பினார்கள். “அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மக்களுக்காகத்தான் மக்களை வெளியே வைத்திருக்கிறோம்!”

நாலு இருபத்திரண்டுக்கு ரயில் வந்தது. மெதுவானது. நின்றது.

தார்ப்பாய்க்கு மேலே ஜன்னல்கள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் நாலைந்து முகம். வாசல்களில் கொத்துக் கொத்தாக முகம். எண்ணூறு பேராவது இருக்கும். ஒரு சத்தம் இல்லை. எட்டாவது பெட்டியில் மாமியார் இருந்தார். ஞாயிறு கோயிலுக்குக் கட்டும் ரோஸ் நிறப் புடவை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

தலைவர் சுற்றுச்சுவருக்கு வந்து சேர்ந்தார்.

அவுட்டரில் அந்த வண்டி இருபது நிமிடம் நிற்கும். சில நாள் முப்பது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு முப்பத்தைந்து. தலைவர் செங்கல் சூளையில் இருந்தார். நாலு நாற்பது. மாமியார் தலையை நீட்டி நீட்டி, வெறும் மைதானத்தில் மகனைத் தேடிக்கொண்டிருந்தார். தமீம் பாய் வாசலில் தொங்கியபடி சிக்னலையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். எண்ணூறு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது கீழே வரை தெரிந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தபோது மணி நாலு நாற்பத்தேழு. ரயில் இன்னும் நின்றது.

விசில் ஊதியது. முதுகுக்குப் பின்னால் பந்து உதைபடும் சத்தம் கேட்டது.

முகங்கள் நகர ஆரம்பித்தன. பதின்மூன்று பெட்டி முகங்களும் ஒன்றாக வலப்பக்கம் போயின. ஒன்றாகத் திரும்பி வந்தன. பந்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஸ்டீவனின் கோல் என் இடப்பக்கம். முகங்கள் இடப்பக்கம் வரும்போதெல்லாம் மாமியாரின் கை கம்பியில் இறுகியது.

நாலு ஐம்பத்தாறுக்கு எல்லா முகமும் இடப்பக்கம் ஓடி, அங்கேயே நின்றன. விசில். எனக்குப் பின்னால் ஷாமியானாவில் நாற்காலிகள் உருண்டன.

“பெனால்டி! பெனால்டி!” என்று மணவாளனின் குரல் கேட்டது. “ஐயையோ, யாரும் உணர்ச்சி அடையாதீங்க! உட்காருங்க சார்! தலைவரே, நீங்களாவது உட்காருங்க!”

அரசப்பன் நோட்டை மடியில் போட்டுவிட்டு, என் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் திரும்பியிருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் திரும்பவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். மூடவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். உதைக்கும் சத்தம். உடனே கையுறைமீது பந்து மோதும் சத்தம்.

முந்தானை வாயிலிருந்து விழுந்தது. பல் தெரிந்தது. பதினான்கு மாதமாக அந்தப் பல்லை நான் பார்த்திருக்கவில்லை. பரீதாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். தன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். “எம் புள்ள! எம் புள்ள!” அந்த ஒரு குரலில் எண்ணூறு பேரின் வாயும் திறந்துகொண்டது. ரயில் பெட்டிகளைக் கையால் அடித்தார்கள். தார்ப்பாய் அதிர்ந்தது. ஷாமியானாவில் தலைவர் யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சிக்னல் விழுந்தது. ரயில் நகர்ந்தது. மாமியார் கடைசி வரை கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே போனார்.

“ஐந்து மணி மூன்று நிமிடம்,” என்று எதிரே அரசப்பன் சொல்லிக்கொண்டே எழுதினார். “சான்றாளர் முகத்தில் புன்னகை.”

நான் கையால் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

இடைவேளையில் தலைவர் சுருக்கமாகப் பேசியதால் இரண்டாம் பாதி இருபது நிமிடம் நடந்தது. ஆரம்பாக்கம் ஒன்று பூஜ்யம் என்று ஜெயித்தது. ஸ்டீவன் கோப்பையை வாங்கினான். உடனே ஷாமியானாவிலேயே விசாரணை நடந்தது. சான்றுத்தாளில் நான் எழுதியிருந்த பூஜ்யத்தை மணவாளன் அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார்.

“இதுதான் தம்பி எனக்கு வேதனையா இருக்கு. உங்க முகத்தை நம்பித்தான் இவ்வளவு பெரிய ஏற்பாட்டைச் செஞ்சோம். மைதானத்துல இருந்த ஒரே பார்வையாளர் நீங்கதான்.”

“நான் ஆட்டத்தைப் பாக்கல சார். முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன்.”

“பார்க்காமலே உணர்ச்சி அடைஞ்சிருக்கீங்க. அது இன்னும் மோசம்.”

“ரயில்ல எண்ணூறு பேர் பாத்தாங்க.”

“ரயில்ல இருந்தவங்க பயணிகள். பயணின்னா பார்வையாளர் இல்ல. அவங்களுக்கு எதுவும் தெரிஞ்சிருக்க முடியாது. தார்ப்பாய்த் துணைக்குழு அறிக்கை இருக்கு.”

“இங்க எல்லாரும் எழுந்து குதிச்சீங்களாமே.”

“அது நிர்வாக நடவடிக்கை.”

எனக்கு மூன்று ஆண்டுத் தடை. காலி நாற்காலிக்கும் மூன்று ஆண்டுத் தடை; தனித்தனிக் கடிதம். ஆட்டம் தூய்மை இழந்ததால் செல்லாது. ஸ்டீவன் கையிலிருந்து கோப்பையை வாங்கிப் பீரோவுக்குள் வைத்தார்கள். மறு ஆட்டம் அடுத்த ஞாயிறு.

“அப்ப நான் இருக்க மாட்டேன் சார்,” என்றான் ஸ்டீவன். “ஷார்ஜா.”

“ரொம்ப நல்லது!” என்றார் மணவாளன். அவர் முகம் நிஜமாகவே மலர்ந்தது. “பார்வையாளர்கள் ஏன் வர்றாங்க? வீரர்களைப் பாக்கத்தான. வீரர்களும் இல்லாம நடத்துனா என்னன்னு ஒரு துணைக்குழு யோசிச்சிக்கினு இருக்கு. நீங்க வழி காட்டியிருக்கீங்க.”

ஸ்டீவனும் நானும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம். வழியில் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அம்மா பாத்துச்சா மாமா?”

“பாத்தாங்க.”

“போதும். டப்பா கப்பு, அவனே வச்சிக்கட்டும்.”

வீட்டில் மாமியார் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். புடவை மாற்றவில்லை. எதிரே எல்லாத் தம்ளர்களும் இருந்தன. கோலுக்கு இரண்டு சொம்பு. நடுவே வெங்காயம். ஓரத்தில் காலி மண்ணெண்ணெய் டின்.

“வா மாப்ள, குந்து. நீதான் ஒண்ணியும் பாக்கலியே. நான் சொல்றேன் கேளு.”

“இது யாரு அத்தை?” டின்னைக் காட்டினேன்.

“அந்த மைக்கப் புடிச்சிக்கினு கத்திக்கினு இருந்தானே, அவன். உள்ள ஒண்ணும் இல்ல, தட்டுனா சத்தம் மட்டும் வரும்.” ஸ்டீவன் கதவருகே நின்று சிரித்தான். அவர் ஒரு தம்ளரை எடுத்து ஓரமாகக் கவிழ்த்து வைத்தார். “இது நீ. முதுகு காட்டிக்கினு குந்திக்கினு இருந்த.” கொஞ்சம் யோசித்தார். “உன் பக்கத்துல நாற்காலி ஒண்ணு காலியா கெடந்துச்சே. லட்டெல்லாம் வச்சி. யாருக்கு அதுன்னு பரீதா கேட்டா. யாருக்கு?”

“ஸ்நேகாவுக்கு.”

அவர் கை வெங்காயத்தின் மேல் இருந்தது. அங்கேயே இருந்தது. பிறகு எழுந்து அலமாரியிலிருந்து இன்னொரு தம்ளரைக் கொண்டுவந்தார். என் பக்கத்தில் வைத்தார். கவிழ்க்கவில்லை, ஆட்டத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்தார்.

“அவ எங்க முதுகு காட்டுவா,” என்றார். “சரி. விசிலு ஊதிட்டான். பந்து இப்ப யாருகிட்ட, கேளு.”

“யாருகிட்ட அத்தை?” என்று கேட்டேன்.